சீப்பில் பேன் பார்த்ததாகச் சொன்னேன்

பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு உடை, தலை அலங்காரம், மேக்கப் மூன்றையும் யாராவது ஒரு பெற்றோர் பொறுப்பெடுத்துக்கொள்ள முடியுமா என்று இசை டீச்சர் வாட்ஸாப் குழுவில் கேட்டபோது நான் மந்தைவெளி ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே ரயில் வந்து நிற்கும் சத்தம். ஓடிக்கொண்டே ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தட்டிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வேலை கேட்பாரில்லாமல் கிடந்தால் எனக்குக் கை பரபரக்கும். இந்தக் குணத்துக்கு என் வீட்டுக்காரர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். அதை இங்கே எழுத முடியாது.

நாடகம், ஒரு காலனிக்கு முதல் டி.வி. பெட்டி வந்து சேரும் கதை. ஒரு மணி நேரம் பாட்டும் ஆட்டமும். எண்பதுகளின் தொடக்கம் என்றார் டீச்சர். பிள்ளைகள் ‘ரெட்ரோ’ என்றார்கள். நான் பிறந்த வருஷங்களை இவர்கள் மாறுவேடமாகப் போட்டு ஆடப் போகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். ஆனாலும் இறங்கிவிட்டேன். பையன்களுக்கு பெல்பாட்டம், யானைக் காது காலர், ஐப்ரோ பென்சிலால் வரைந்த கிருதா. பெண்கள் பதினாறு பேருக்கும் புள்ளி போட்ட சட்டை, அகலமான பிளாஸ்டிக் வளையல், ஓரத்தில் மேலே இழுத்துவிட்ட மை, தலையில் உயரமாக ஒரு பஃப். இரண்டு சனிக்கிழமை ரங்கநாதன் தெருவில் இடிபட்டு, வளையலும் ரிப்பனும் ஹேர்பின்னும் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தேன்.

பஃப் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உச்சந்தலை முடியைப் பிரித்தெடுத்து, சீப்பை நுனியிலிருந்து வேர்ப் பக்கமாகத் தள்ளித் தள்ளிச் சிக்காக்கி, அந்தச் சிக்கை மேடாக நிறுத்தி, மேலே ஒரு அடுக்கு முடியை வழவழவென்று வாரி மூட வேண்டும். அதோடு, இரண்டாவது பாட்டின் நடுவில் பதினாறு பேரும் ஒரே சமயத்தில் சபைக்கு முதுகு காட்டித் திரும்பி, எட்டு எண்ணும் வரை தலையை ஆட்ட வேண்டும் என்று டான்ஸ் மாஸ்டர் வைத்திருந்தார். அந்த எட்டு எண்ணிக்கைக்குப் பார்ப்பவர்கள் கண்ணில் படப்போவது பதினாறு உச்சந்தலைதான்.

அதில் ஒன்று என் மகளுடையது. ஒன்பதாம் வகுப்பு. நாடகத்தில் அவளுக்குத் தனி வசனம் கிடையாது. கூட்டத்தோடு பாடி ஆடும் வேஷம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நேரம் கணக்குப் பார்க்கலாம் என்று அவளை உட்காரவைத்து ஒரு பஃப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். பத்து நிமிஷம்தான் என்றேன். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்தபடியே உட்கார்ந்தாள். சீப்பின் வால்முனையால் உச்சியில் முடியைப் பிரித்தேன். அங்கே முடி இல்லை.

ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். உள்ளே தோல் வெளுத்திருந்தது. ஓரமெல்லாம் அரை அங்குலத்தில் ஒடிந்த முடி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில். கொட்டிய முடி அப்படி இருக்காது. இது பிடுங்கிய முடி.

ஒரு வருஷமாக அவளுடைய முடி வீடு முழுக்கக் கிடந்தது. கணக்கு நோட்டின் மேல், நாற்காலிக்குக் கீழே, தலையணையில். பெருக்கும்போதெல்லாம் கத்துவேன். போர் தண்ணியால்தான் முடி கொட்டுகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, ஷவரில் ஃபில்ட்டர் மாட்டினேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உப்பை எடுக்கும் எந்திரம் வைத்தே ஆகவேண்டும் என்று செயலாளரிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். இரண்டு மாதம் அவருடன் பேச்சுவார்த்தை இல்லை. கறிவேப்பிலை அரைத்துக் கொடுத்தேன், எண்ணெயை மூன்று தடவை மாற்றினேன். படிக்கும்போது அவள் கை எப்போதும் தலையில்தான் இருந்தது. யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மதியம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே ஆச்சரியம். பக்கத்து முடியை இழுத்து அந்த இடத்தை மூடினேன். பஃப் சரியாக வரவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் ரயிலில் உட்கார்ந்து இதைப் பற்றியே ஃபோனில் படித்துக்கொண்டு போனதில் தரமணியைத் தவறவிட்டு பெருங்குடியில் இறங்கினேன். மனசு தாங்காதபோது சில பிள்ளைகள் தங்களை அறியாமல் முடியைப் பிடுங்குவார்கள் என்று எழுதியிருந்தது. என்ன தாங்கவில்லை இவளுக்கு? எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னைத் தின்றது. திரும்பிப் போகிற ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் அப்பாவிடமும் சொல்லவில்லை. இது வெளியே தெரியக் கூடாது, அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது. விழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மேடை விளக்கில் அந்த வட்டம் பளிச்சென்று தெரியும். நானூறு பேர் பார்ப்பார்கள், எல்லார் கையிலும் ஃபோன் இருக்கும். அவளை மட்டும் விலக்கினால் ஏன் என்று கேட்பார்கள்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. பஃப் யாருக்கும் வேண்டாம், பதினாறு பேருக்கும் புள்ளி போட்ட ஸ்கார்ஃப் கட்டிவிடலாம். அந்தக் காலத்தில் ஸ்டைலான பெண்கள் ஸ்கார்ஃப்தான் கட்டினார்கள் என்று குழுவில் எழுதி, என் சித்தி கொடைக்கானலில் படகில் உட்கார்ந்திருக்கும் படத்தைச் சாட்சிக்குப் போட்டேன். யாரும் அசையவில்லை. பஃப்தான் அழகு என்றார்கள். முழங்கால் வரை முடி வளர்த்த பிள்ளையின் அம்மா, இதற்காகவா வளர்த்தோம் என்று கேட்டார். இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஆபீஸ் கேன்டீனில் காபி ஆறிக்கொண்டிருக்க, இப்படித் தட்டினேன்: ‘சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். போன ரிகர்சலில் ஒரு குழந்தையின் சீப்பில் பேன் பார்த்தேன். யாரென்று சொல்ல விரும்பவில்லை. பஃப் போட்டால் சீப்பு எல்லார் தலைக்கும் மாறி மாறிப் போகும்.’

ஐந்து நிமிஷத்தில் ஸ்கார்ஃப் முடிவாகிவிட்டது. டான்ஸ் மாஸ்டர்கூட, திரும்பும்போது புள்ளிகள் பளிச்சென்று தெரியும், பரவாயில்லை என்று இறங்கி வந்தார்.

யாரென்று சொல்ல விரும்பவில்லை என்று நான் எழுதியதுதான் பெரிய விஷமம். பொய்க்கு ஒரு நாகரிகப் பூச்சு இருக்கட்டும் என்று சேர்த்த வரி அது. சேர்த்ததும் எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள். டீச்சர் போட்டிருந்த ரிகர்சல் வீடியோவில் ஒரு பெண் ஓரமாக நின்று தலையைச் சொறிந்தாள். சுருட்டை முடி, அடர்த்தி, என் மகளுடைய நெருங்கிய தோழி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், கே.கே. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ‘ஆன்ட்டி, பசிக்குது’ என்று நேராக அடுப்படிக்கு வருகிறவள். ஒரு அம்மா அந்த வீடியோவை மறுபடி போட்டு, நொடியைக் குறிப்பிட்டு, ‘இங்கே பாருங்கள்’ என்று மட்டும் எழுதினார். அதற்கு மேல் யாரும் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய ஆள் நான். எழுதவில்லை. விழா முடிந்ததும் அடங்கிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை, ஆனாலும் எழுதவில்லை.

ஸ்கார்ஃப் தைக்க பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த டெய்லர் பாயிடம் துணியைக் கொடுத்திருந்தேன். சொன்ன நாளில் பதினாறையும் ஓரம் அடித்து மடித்து வைத்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். விழாவுக்கு முந்தின நாள் ஒன்றை என் தலையில் கட்டிக் கண்ணாடி முன்னால் குதித்துப் பார்த்தேன். எண்ணெய் முடியில் வழுக்கி உச்சி தெரிந்தது. அவ்வளவுதான். விழா அன்று காலையில் பதினாறையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய், பின்பக்கம் எலாஸ்டிக் வைக்கச் சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பின் குத்துனா நிக்கும்மா. இன்னைக்கு விழாவை வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கு?”

நகரக் கூடாது பாய், ஒரு இம்மிகூட நகரக் கூடாது என்றேன். அவர் கைவேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். நடுவில் ஒன்றரை மணி நேரம் கரன்ட் இல்லை. நான் சந்தின் முனைக்கும் கடைக்குமாக நடந்தேன். நான் அப்படி நடப்பதால் கரன்ட் வரப்போவதில்லை என்று பாய் பொறுமையாகச் சொன்னார். பெண்கள் எல்லாரும் மூன்று மணிக்கே மயிலாப்பூரில் வாடகைக்கு எடுத்த அரங்கத்துக்குப் போயிருந்தார்கள். நாடகம் ஐந்தரைக்கு. நாலு மணிக்கு நான் மூட்டையோடு ஆட்டோவில் ஏறினேன்.

மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தகரம் வைத்து அடைத்து, வழியை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டிருக்கிறார்கள், தெரிந்ததுதானே. ஆட்டோ ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றது. டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை, இனிமேல் காத்திருக்க முடியாது, பஃப்பே போடச் சொல்லிவிட்டேன் என்றார். வேண்டாம், வந்துவிட்டேன் என்று நான் கத்தியபோது லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நாலாவது தடவையாகக் கேட்டதும் டிரைவர் திரும்பினார்.

“முன்னாடி இன்னா கீதுன்னே தெர்ல மேடம். நீங்க இறங்கி நடந்துகினே போனா சீக்கிரம் பூடலாம்.”

லஸ் வருவதற்கு முன்பே இறங்கி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நாற்பத்து மூன்று வயதில் பட்டுப்புடவையோடு ஓடுகிறவளைப் பார்த்துப் பூக்காரம்மா ஒருத்தர் வழிவிட்டார். இந்நேரம் யாரோ சீப்பால் அவள் உச்சியைப் பிரித்திருப்பார்கள். ஒருத்தி கத்தியிருப்பாள். பதினைந்து பேர் கூடியிருப்பார்கள். என் பிள்ளை நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஓடும்போது எனக்கு அழுகை வந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை.

மேடைக்குப் பின்னாலிருந்த அறைக் கதவைத் திறந்தேன். பஃப் போட ஆள் பற்றாததால், பதினாறு பெண்களும் தரையில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ரயில்பெட்டி போல உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவளுக்கு வாரிக்கொண்டிருந்தார்கள். சளசளவென்று பேச்சு, யாரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மகள். அவள் பின்னால் அந்தச் சுருட்டை முடிக்காரி.

அவள் என் மகளின் உச்சி வட்டத்தைக் கறுப்பு ஐப்ரோ பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. சின்னச் சின்னக் கோடாகப் போட்டு, விரல் நுனியால் தேய்த்து, மறுபடி கோடு. பக்கத்தில் இன்னொருத்தி நிமிராமலே தன் வேலையை நிறுத்தி, மேலே மூட வேண்டிய முடியை ஒதுக்கிப் பிடித்துக் கொடுத்தாள். பலமுறை செய்து பழகியவர்களின் கைகள் அவை. என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் கையை வைத்து, அசையாமல் இருந்தாள். வீட்டில் அவள் கை அப்படி ஓய்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

சுருட்டை முடிக்காரி என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மாறியது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சீப்பை எடுத்து என் பக்கம் காட்டினாள்.

“புதுச் சீப்பு ஆன்ட்டி. இன்னிக்குத்தான் பிரிச்சேன். கவர்கூட பையில இருக்கு, காட்டட்டுமா?”

என் கையிலிருந்த மூட்டை கீழே விழுந்தது. அவ்வளவு வெட்கம் என் ஆயுளில் எனக்கு வந்ததில்லை.

என் மகள் கண்ணைத் திறந்தாள். எழுந்துகொள்ளவில்லை. இவர்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ஏழு மாசமா என்றாள். அன்று மதியம் நான் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தலையில் என் கை பாதியில் நின்றதாம், என் கை எப்போதும் நிற்காதாம். அப்படியென்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“உன்கிட்ட சொன்னா நீ உடனே அதைச் சரி பண்ண ஆரம்பிச்சிடுவேம்மா,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “இவங்க ஒண்ணும் பண்ணல. கூட இருந்தாங்க.”

என் ஃபோனில் டாக்டரின் நேரம் பதிவாகியிருந்தது. காலடியில் எலாஸ்டிக் வைத்த பதினாறு ஸ்கார்ஃப் கிடந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

யாருக்கும் பேன் இல்லை, அது நான் சொன்ன பொய் என்று சுருட்டை முடிக்காரியிடம் சொன்னேன். அவள் குனிந்தபடியே மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

“தெரியும் ஆன்ட்டி. இவ அன்னிக்கே சொல்லிட்டா. யாரைப் பார்த்தாலும் சீப்பைக் காட்டிப் பழகிடுச்சு, அதான்.” ஒரு கோடு போட்டுவிட்டு, “எங்க அம்மாக்குத்தான் தெரியாது,” என்றாள்.

என் மகளுடைய ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பெண் தன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. பதினாலு வயது அவளுக்கு. நான் என் மகளிடம் கேட்டேன், அவள் அம்மாவிடம் போய்ச் சொல்லட்டுமா என்று. வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் நான் அவளிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கொஞ்சம் யோசித்தாள்.

“பேன் விஷயத்தைச் சொல்லு. என் விஷயத்தைச் சொல்லாத.”

அரங்கத்தில் பாதிக்கு மேல் ஆள் நிறைந்திருந்தது. சுருட்டை முடிக்காரியின் அம்மா மூன்றாவது வரிசை ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்ற அம்மாக்கள் வழக்கம்போலக் கூட்டமாக வேறு பக்கம் இருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கொஞ்சம் மிரண்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: சீப்பில் நான் எதையும் பார்க்கவில்லை, நானாகக் கட்டிய கதை, உங்கள் பெண்மேல் பழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். அவர் முன்னால் இருந்த திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகப் பேசினார்.

“பத்து நாளா தினமும் சாயங்காலம் லைட்டைப் போட்டு அவ தலையைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். ஒண்ணுமே இல்லை. இல்லம்மா, இல்லம்மான்னு அழுதா. நான் நம்பலை. நாலு பேர் பார்த்திருக்காங்களேன்னு மருந்து போட்டுத் தேய்ச்சு விட்டேன்.”

பிறகு என் பக்கம் திரும்பி, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டார்.

காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவர் உருகிவிடுவார். அவரும் ஒரு அம்மாதானே, என் கையைப் பிடித்துக்கொள்வார், பத்து நாள் பாவம் அங்கேயே பாதி கழுவிப் போகும். எனக்கு அது வேண்டியிருந்தது, ரொம்பவே வேண்டியிருந்தது.

“அதைச் சொல்ல முடியாதுங்க,” என்றேன்.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தார். நான் ஃபோனை எடுத்து, பேன் பற்றி நான் எழுதியது பொய், யாரும் எந்தக் குழந்தையையும் சந்தேகப்பட வேண்டாம், மன்னிக்கவும் என்று குழுவில் போட்டேன். மடியில் ஃபோன் அதிர ஆரம்பித்தது. அரங்கத்தில் அங்கங்கே தலைகள் என் பக்கம் திரும்பின. விளக்கு அணைந்தது.

முதல் பாட்டு எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் பெண்கள் பதினாறு பேரும் ஒரே சமயத்தில் சபைக்கு முதுகு காட்டித் திரும்பினார்கள். விளக்கு நேராக உச்சந்தலைகளின் மேல் விழுந்தது. பதினாறும் ஒரே உயரம், ஒரே கறுப்பு. சீட்டு நுனிக்கு வந்து, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று அந்த எட்டு எண்ணிக்கையும் தேடினேன். எது என் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.